யார் கேட்ட கேள்வி இது? மரபணுச் சேதச் சோதனையின் வரலாறும் பெங்களூருவின் சிவப்புச் சாயமும்

2024 மார்ச் 11 அன்று பெங்களூருவில் கர்நாடக சுகாதாரத்துறை அமைச்சர் தினேஷ் குண்டு ராவ் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். கோபி மஞ்சூரியனிலும் பஞ்சு மிட்டாயிலும் ரோடமைன் பி முதலான செயற்கை நிறமிகளைச் சேர்ப்பதற்குத் தடை. மீறினால் சிறைத்தண்டனை, 10 லட்சம் ரூபாய் அபராதம். மாநிலமெங்கும் திரட்டப்பட்ட 171 கோபி மஞ்சூரியன் மாதிரிகளில் 107 பாதுகாப்பற்றவை, 25 பஞ்சு மிட்டாய் மாதிரிகளில் 15 பாதுகாப்பற்றவை என்று அரசு தெரிவித்தது. அதற்கு முந்தைய மாதமே புதுச்சேரியும் தமிழ்நாடும் பஞ்சு மிட்டாயின் மீது இதே காரணத்துக்காக நடவடிக்கை எடுத்திருந்தன.

அந்த நாள்களில் வந்த செய்திகளில் "ரோடமைன் பி மரபணுவைச் சிதைக்கும், புற்றுநோயை உண்டாக்கும்" என்ற வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தது. அந்த வாக்கியத்துக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் தடை தவறு என்ற முடிவுக்கு யாரும் வரமாட்டார்கள். தடை எதன்மேல் நிற்கிறது என்பது மட்டும் வேறாகத் தெரியும். ஒரு வேதிப்பொருள் மரபணுவைச் சேதப்படுத்துமா என்று கேட்கும் முறை எப்படி உருவாயிற்று, அந்தக் கேள்வியை யார் யாருக்காகக் கேட்டார்கள், பெங்களூருவில் இன்று அது யாருக்காகக் கேட்கப்படுகிறது என்பதே இப்பதிவின் பொருள்.

1

1927இல் அமெரிக்க மரபியலாளர் ஹெர்மன் முல்லர் எக்ஸ் கதிர்களால் பழ ஈக்களில் சடுதிமாற்றங்களைத் தூண்ட முடியும் என்று காட்டினார். கதிர்வீச்சு செய்வதை ஒரு வேதிப்பொருளும் செய்யுமா என்ற கேள்விக்கு உறுதியான விடை போர்க்காலத்தில் கிடைத்தது. நாஜி ஆட்சியிலிருந்து தப்பி எடின்பரோ வந்து சேர்ந்திருந்த ஷார்லட் ஔவர்பாக்கும் மருந்தியலாளர் ஜே. எம். ராப்சனும் கடுகு வாயுவைப் பழ ஈக்களின்மீது செலுத்தி ஆராய்ந்தனர். அவ்வாயு உண்டாக்கும் புண்கள் எக்ஸ் கதிர்ப் புண்களைப்போல் ஆறாமல் நீடித்தன என்பதே ஆய்வுக்கான தூண்டுதல். 1941இலேயே விளைவு தெளிவாகிவிட்டது. ஆனால் கடுகு வாயு போர்க்கருவி. ஆய்வு அரசு இரகசியம். பொருளின் பெயரோடு முழுமையான அறிவிப்பு 1946இல்தான் வெளிவந்தது. அதே ஆண்டில் சோவியத் ஒன்றியத்தில் யோசிப் ராப்போபோர்ட் பார்மால்டிஹைடின் சடுதிமாற்ற விளைவை வெளியிட்டார்.

இத்துறையின் முதல் சோதனைப் பொருளே போர்க்களத்திலிருந்து வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு போர் அலுவலகம் இருந்தது. விடை வெளிவரும் காலத்தையும் அதுவே தீர்மானித்தது.

அடுத்த இருபது ஆண்டுகளில் செயற்கை வேதிப்பொருள்கள் வீடுகளுக்குள் பெருகின. ஜப்பானில் ஏஎப்-2 என்ற நைட்ரோபியூரான் சேர்மத்துக்கு 1965இல் உணவுப் பதப்படுத்தியாக அனுமதி கிடைத்தது; சோயாப் பாலாடைக்கட்டி, மீன் தொத்திறைச்சி போன்ற அன்றாட உணவுகளில் அது சேர்க்கப்பட்டது. அன்றைய நச்சியல் சோதனைகளை அது கடந்துதான் வந்தது. 1970களின் தொடக்கத்தில் அது பாக்டீரியாக்களில் வலுவான சடுதிமாற்றங்களைத் தூண்டுவதாகக் கண்டறியப்பட்டது. 1974இல் தடை செய்யப்பட்டது. ஒன்பது ஆண்டுகள் ஒரு நாட்டு மக்கள் உண்ட பொருளின் இயல்பை இரண்டு நாளில் ஒரு தட்டுப் பாக்டீரியா காட்டிக்கொடுத்தது.

2

அந்தத் தட்டுச் சோதனைக்கு இன்று ஏம்ஸ் சோதனை என்று பெயர். கலிபோர்னியாவின் பெர்க்லியில் புரூஸ் ஏம்ஸும் உடனாய்வாளர்களும் 1970களின் முதற்பாதியில் அதை வடிவமைத்தனர். அதன் தருக்கம் தலைகீழானது, அதனாலேயே அழகானது. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் திறனை இழந்த சால்மொனெல்லா பாக்டீரியாக்களை, ஹிஸ்டிடின் மிகக் குறைவாக உள்ள தட்டில் பரப்புகிறார்கள். அவற்றால் அங்கே பெருக முடியாது. சோதிக்க வேண்டிய பொருளைச் சேர்க்கிறார்கள். அது மரபணுவில் மாற்றத்தைத் தூண்டுமானால், சில பாக்டீரியாக்களில் பழைய பிழை திருத்தப்பட்டு, இழந்த திறன் மீளும். அவை மட்டும் வளர்ந்து கண்ணுக்குத் தெரியும் குடியேற்றங்களாகின்றன. அவற்றை எண்ணினால் போதும். பொருள் சேர்க்காத தட்டிலும் தாமாகத் திரும்பியவை சில இருக்கும். அவற்றோடு ஒப்பிட்டே விளைவு கணிக்கப்படும்.

பாக்டீரியா மனிதன் அன்று. நம் உடலுக்குள் புகும் பொருள்கள் பல கல்லீரலில் உருமாறிய பிறகே தீங்கானவையாகின்றன. ஆகவே ஏம்ஸ் எலியின் கல்லீரலிலிருந்து எடுத்த நொதிச் சாற்றையும் தட்டில் சேர்த்தார். எஸ்9 என்று இன்றும் ஆய்வகங்களில் வழங்கும் பெயர் இச்சாற்றுடையது. ஒவ்வொரு பொருளும் இச்சாற்றோடு ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை எனச் சோதிக்கப்படுகிறது.

விலங்குகளை வைத்துப் புற்றுநோய் ஆய்வு நடத்த இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும், பெருஞ்செலவும் பிடிக்கும். இச்சோதனைக்கு இரண்டு மூன்று நாள்களும் ஓர் எளிய நுண்ணுயிரியல் ஆய்வகமும் போதும். ஏம்ஸ் தம் பாக்டீரியா வகைகளைக் கேட்ட ஆய்வகங்களுக்கெல்லாம் விலையின்றி அனுப்பினார். சோதனை உலகமெங்கும் பரவியதற்கு அந்தத் தாராளமும் ஒரு காரணம்.

அவருடைய குழு சோதித்த பொருள்களின் தேர்வும் குறிப்பிடத்தக்கது. 1975இல் கடைகளில் விற்ற 169 தலைமுடிச் சாயங்களைச் சோதித்தனர். 150 சடுதிமாற்றத்தைத் தூண்டின. 1977இல் குழந்தைகளின் இரவு உடைகளில் தீத்தடுப்புக்காகச் சேர்க்கப்பட்ட டிரிஸ் என்ற சேர்மத்தைப் பற்றி ஆர்லீன் பிளமும் ஏம்ஸும் எழுதினர். அதே ஆண்டு அமெரிக்காவில் அதற்குத் தடை வந்தது. எந்தத் தொழிற்சாலையும் தன் சாயத்தைச் சோதித்துத் தருமாறு அவர்களைக் கேட்கவில்லை. கடை அலமாரியிலிருந்து அவர்களே எடுத்தார்கள்.

இச்சோதனைக்கு எல்லைகளும் உண்டு. தொடக்கத்தில் புற்றுநோயூக்கிகளில் 90 விழுக்காட்டளவு சடுதிமாற்றமும் தூண்டுவதாகத் தோன்றியது. 1987இல் அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டத்தார் 73 வேதிப்பொருள்களை எடுத்துக்கொண்டு கொறிவிலங்கு ஆய்வுகளோடு ஒப்பிட்டபோது, பொருத்தம் ஏறத்தாழ 60 விழுக்காடாகவே இருந்தது. மரபணுவைத் தொடாமலே புற்றுநோயை வளர்க்கும் பொருள்கள் உள்ளன. பாக்டீரியாவைப் பாதித்தும் விலங்கைப் பாதிக்காதவையும் உள்ளன. எனவே ஒழுங்குமுறை அமைப்புகள் ஒரு சோதனையோடு நிற்பதில்லை. பாக்டீரியாச் சோதனை, பாலூட்டி உயிரணுக்களில் குரோமோசோம் முறிவுச் சோதனை, எலியின் எலும்பு மச்சையில் நுண்கருச் சோதனை என ஒரு வரிசையே வேண்டும் என்பது நெறி. ஓஇசிடி அமைப்பின் சோதனை வழிகாட்டிகளில் 471, 473, 474 என்ற எண்கள் முறையே இவற்றைக் குறிக்கின்றன.

3

இப்போது ரோடமைன் பியின் கதைக்கு வருவோம்.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1978இல் தன் 16ஆம் தொகுதியில் இச்சாயத்தை ஆராய்ந்தது. 1987இல் அதை மூன்றாம் பிரிவில் வைத்தது. மனிதரில் புற்றுநோயூக்கியா என்று வகைப்படுத்தப் போதிய சான்று இல்லை என்பதே அப்பிரிவின் பொருள். பாதுகாப்பானது என்று அதற்குப் பொருளில்லை.

இடையில், 1979இல், கனடாவைச் சேர்ந்த நெஸ்ட்மனும் உடனாய்வாளர்களும் 'கேன்சர் ரிசர்ச்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ரோடமைன் சாயங்கள் கல்லீரல் சாற்றின் முன்னிலையில் சால்மொனெல்லாவில் சடுதிமாற்றத்தைத் தூண்டின. சீன வெள்ளெலியின் உயிரணுக்களில் மரபணுச் சேதத்தையும் காட்டின. ஆனால் சாயத்தைக் கூறு கூறாகப் பிரித்து ஆராய்ந்தபோது, விளைவில் சாயத்தோடு ஒட்டிவந்த மாசுகளுக்குப் பங்கிருப்பது தெரிந்தது. கட்டுரையின் தலைப்பிலேயே 'அவற்றின் மாசுகள்' என்ற சொல் இடம்பெற்றுள்ளது.

என்னைப் பொறுத்தவரை இந்த வரலாற்றின் முதன்மையான பாடம் இதுதான். சோதனை ஒரு பெயரைச் சோதிப்பதில்லை. ஒரு குப்பியில் உள்ளதைச் சோதிக்கிறது. 'ரோடமைன் பி' என்ற ஒரே பெயரில் ஆய்வகத் தூய்மையுள்ள பொருளும் இருக்கலாம், துணிக்கும் காகிதத்துக்கும் தயாரிக்கப்பட்ட மலிவுச் சாயமும் இருக்கலாம். இரண்டின் மரபணு விளைவும் ஒன்றாகவே இருக்கும் என்று கொள்ள முடியாது.

அமெரிக்காவில் இதே சாயம் டி அண்டு சி ரெட் எண் 19 என்ற பெயரில் அழகுப் பொருள்களில் பயன்பட்டது. அங்கே நடந்த வழக்கு நச்சியல் மாணவர்கள் அனைவரும் அறிய வேண்டியது. விலங்குகளில் அது புற்றுநோயூக்கி என்று உணவு மருந்து நிர்வாகமே ஒப்புக்கொண்டது. ஆனால் மனிதருக்குள்ள ஆபத்து 90 லட்சத்தில் ஒன்று என்ற அளவே எனக் கணித்து, அது புறக்கணிக்கத்தக்கது என்று சொல்லி அனுமதித்தது. நுகர்வோர் அமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்தது. புற்றுநோயூக்கும் நிறமியை அனுமதிக்கலாகாது என்று சட்டம் சொல்லும்போது, ஆபத்து சிறிது என்ற காரணத்தால் அதற்கு விலக்களிக்க நிர்வாகத்துக்கு அதிகாரமில்லை என்று 1987இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே அந்நிறமி அனுமதிப் பட்டியலிலிருந்து நீங்கியது.

4

இந்தியாவில் இந்த வகைக் கேள்வியை நம் அறிவியலாளர்கள் நம் உணவைப் பற்றித் தாமே எழுப்பிய காலமும் உண்டு. அது வேதிப்பொருளைப் பற்றியது அன்று, கதிர்வீச்சைப் பற்றியது. ஆனால் சோதனை அதே குடும்பத்தைச் சேர்ந்தது.

தில்லியின் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய எம். எஸ். சுவாமிநாதனும் உடனாய்வாளர்களும், கதிர்வீச்சுக்கு உட்படுத்திய உணவூடகத்தில் வளர்ந்த பழ ஈக்களில் சடுதிமாற்றங்கள் மிகுவதாக 1963இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினர். தானியங்களைக் கதிர்வீச்சால் பூச்சியரிப்பிலிருந்து காக்கலாம் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த வேளை அது.

1975இல் ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இன்னும் கடுமையான ஒரு கேள்வியைக் கேட்டது. ஊட்டக்குறைவுள்ள 15 குழந்தைகளை ஐவர் ஐவராக மூன்று குழுக்களாகப் பிரித்தது. ஒரு குழுவுக்குச் சாதாரணக் கோதுமை. ஒரு குழுவுக்கு அப்போதே கதிர்வீச்சு பாய்ச்சிய கோதுமை. மூன்றாம் குழுவுக்குக் கதிர்வீச்சு பாய்ச்சிச் சில வாரங்கள் சேமித்து வைத்த கோதுமை. இரண்டாம் குழுவின் இரத்த வெள்ளணுக்களில், இரட்டிப்பான குரோமோசோம் தொகுதிகளைக் கொண்ட பன்மய உயிரணுக்கள் தோன்றியதாக நிறுவனம் அறிவித்தது. ஆறு வாரத்தில் அவை 1.8 விழுக்காட்டை எட்டின.

டிராம்பேயின் பாபா அணு ஆராய்ச்சி மையம் இதை ஏற்கவில்லை. தன் விலங்காய்வுகளில் அத்தகைய விளைவு இல்லை என்றது. ஒரே அரசின் இரண்டு நிறுவனங்கள் ஒன்றையொன்று மறுத்து நின்றன. மரபியலாளர் பி. சி. கேசவனும் புள்ளியியலாளர் பி. வி. சுகாத்மேயும் அடங்கிய குழு 1976இல் இருதரப்புத் தரவுகளையும் ஆராய்ந்து, ஊட்டச்சத்து நிறுவனத்தின் முடிவுக்கு அதன் தரவுகள் போதிய ஆதாரம் தரவில்லை என்று முடிவு செய்தது. குழந்தை ஒருவருக்கு எண்ணப்பட்ட உயிரணுக்கள் சிலவே. பன்மய உயிரணுக்கள் இயல்பான மனிதரிலும் சிறிதளவு காணப்படுவன. அப்படியிருக்க, ஒப்பீட்டுக் குழுவில் ஒன்றுகூட இல்லை என்பதே ஐயத்துக்கு இடமாயிற்று. 1980இல் உலக நலவாழ்வு அமைப்பு முதலானவற்றின் கூட்டு வல்லுநர் குழு, 10 கிலோகிரே வரையிலான சராசரி அளவுக்கு உட்பட்ட உணவில் நச்சியல் ஆபத்து இல்லை என்றது. 1994இல் இந்தியா சில பொருள்களுக்கு உணவுக் கதிர்வீச்சை அனுமதித்தது.

இந்தச் சம்பவத்தை ஒரு தோல்வியாகச் சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். அதில் இரண்டு செய்திகள் உள்ளன. ஊட்டமில்லாத குழந்தைகளின் உடலை வைத்து ஒரு மரபணுக் கேள்வியைச் சோதித்தது இன்றைய நெறிக்குழு எதுவும் அனுமதிக்காத செயல். அதைத் தயக்கமின்றிச் சொல்ல வேண்டும். ஆயினும், பட்டினிக்கு அருகில் வாழும் இந்தியக் குழந்தை உண்ணப்போகும் தானியத்தைப் பற்றி இந்தியப் பொது நிறுவனம் ஒன்று, எந்த ஏற்றுமதிச் சந்தையும் கேட்காதபோது கேட்டது. அதன் விடையை இன்னொரு பொது நிறுவனம் வெளிப்படையாக எதிர்த்தது. மூன்றாவது குழு தரவை எண்ணிப்பார்த்துத் தீர்த்தது. அறிவியல் பொது வெளியில் இயங்கிய முறை அது. அந்தப் பழக்கம் பிறகு நம்மிடம் மெலிந்துபோயிற்று.

5

மெலிந்தது ஆய்வுத்திறன் அன்று. அதற்குப் பெங்களூருவே சான்று.

பீன்யா தொழிற்பேட்டையில் டாடா குழுமத்தின் ராலிஸ் நிறுவனம் ஓர் ஆய்வு மையத்தை நடத்திவந்தது. அது பின்னர் அட்வினஸ் என்ற பெயரைப் பெற்று, 2017இல் ஐரோப்பிய நிறுவனமான யூரோபின்ஸின் கைக்கு மாறியது. நகரிலும் சுற்றுப்புறத்திலும் இத்தகைய ஒப்பந்த ஆய்வகங்கள் வேறும் உள்ளன. பூச்சிக்கொல்லி, மருந்து மூலக்கூறு, தொழிற்சாலை வேதிப்பொருள் எதுவாயினும், பாக்டீரியாச் சோதனையிலிருந்து நுண்கருச் சோதனை வரை முழு வரிசையையும் செய்து தருவது இவ்வகை ஆய்வகங்களின் அன்றாடப் பணி.

இதற்கு வழியமைத்தவை இரண்டு நிகழ்வுகள். 2002இல் இந்தியா நல்ல ஆய்வக நடைமுறையைக் கண்காணிக்கும் தேசிய அமைப்பை நிறுவியது. 2011 மார்ச்சில் ஓஇசிடியின் 'தரவுகளைப் பரஸ்பரம் ஏற்கும்' ஏற்பாட்டில் முழு உறுப்பாகச் சேர்ந்தது. அதன் பயனாக, பெங்களூருவில் எண்ணப்பட்ட ஒரு பாக்டீரியாக் குடியேற்றத்தை ஐரோப்பாவும் ஜப்பானும் அமெரிக்காவும் மறுபடி எண்ணத் தேவையில்லை. இது இந்திய நச்சியலின் மெய்யான சாதனை.

இந்த ஆய்வகங்களுக்கு மாதிரி அனுப்புபவர் யார் என்பதே கேள்வி. பொருளைச் சந்தைக்குக் கொண்டுவர விரும்பும் நிறுவனம், சட்டம் கேட்கும் சான்றுக்காக அனுப்புகிறது. பூச்சிக்கொல்லிக்கும் மருந்துக்கும் நம் நாட்டுச் சட்டமே அதைக் கேட்கிறது. மற்றப் பொதுவான தொழிற்சாலை வேதிப்பொருள்களுக்கு ஐரோப்பாவின் ரீச் சட்டத்துக்கு இணையான முழுமையான பதிவுச் சட்டம் இந்தியாவில் இல்லை. 2020இல் ஒரு வரைவு சுற்றுக்கு விடப்பட்டது. நம் துணிச் சாயங்களின் வரலாறும் இதையே சொல்கிறது. சிதைந்து புற்றுநோயூக்கும் அமீன்களைத் தரக்கூடிய அசோ சாயங்களை ஜெர்மனி 1994இல் தடுத்தது. திருப்பூர் முதலான ஏற்றுமதி மையங்கள் கலங்கின. 1997இல் இந்திய அரசு 70 அசோ சாயங்களைக் கையாளத் தடை விதித்தது. சாயப் பட்டறைத் தொழிலாளியின் கை அந்தச் சாயத்தில் பல்லாண்டுகள் நனைந்திருந்தது. தடையை விரைவுபடுத்தியது அந்தச் சட்டையை அணியப்போகும் அயல்நாட்டு உடல்.

6

இந்தப் பின்னணியில் கோபி மஞ்சூரியன் தட்டைப் பார்ப்போம்.

அரசின் உணவு ஆய்வகம் அதில் செய்வது மரபணுச் சோதனை அன்று. நிறத்தைப் பிரித்தெடுத்து, வண்ணப்பிரிகை முறையில் இது இன்ன சாயம் என்று அடையாளம் காண்பதே அங்கே நடப்பது. பிறகு அது அனுமதிப் பட்டியலோடு ஒப்பிடப்படுகிறது. இந்தியச் சட்டம் உணவுக்கு அனுமதிக்கும் செயற்கை நிறமிகள் எட்டு: டார்ட்ராசின், சன்செட் யெல்லோ, பான்சோ 4ஆர், கார்மாய்சின், எரித்ரோசின், பிரில்லியன்ட் புளூ, இண்டிகோ கார்மின், பாஸ்ட் கிரீன். அவையும் குறிப்பிட்ட உணவுகளில் மட்டும், பொதுவாகக் கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்ற வரம்புக்குள். அமராந்த் போன்ற சில முன்பு பட்டியலில் இருந்து பின்னர் நீக்கப்பட்டவை. ரோடமைன் பி பட்டியலில் இல்லை. ஆகவே 2024இன் அறிவிப்பு புதிய தடையை உருவாக்கியதைவிட, இருந்த தடையை உரக்கச் சொன்னது எனலாம். பாதுகாப்பற்றவை எனப்பட்ட மாதிரிகள் எல்லாவற்றிலும் ரோடமைன் பி இருந்ததாகவும் கொள்ளக்கூடாது. பட்டியலில் உள்ள டார்ட்ராசின், சன்செட் யெல்லோ, கார்மாய்சின் முதலியனவும் சேர்க்கக்கூடாத உணவில் காணப்பட்டன.

பட்டியல் முறை நல்ல முறை. தீங்கானது என்று அரசு நிறுவும்வரை எதையும் விற்கலாம் என்ற நிலையை அது தலைகீழாக்குகிறது. பாதுகாப்பு காட்டப்பட்டவை மட்டுமே உணவுக்குள் வரலாம். ரோடமைன் பி மூன்றாம் பிரிவில் இருக்கிறதே, பிறகு ஏன் தடை என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை. தடைக்கு மரபணுச் சேதம் நிறுவப்பட வேண்டியதில்லை. ஆகவே, "மரபணுவைச் சிதைக்கும்" என்று உறுதிபடக் கூறாமலே அதைத் தடுக்க நமக்கு உரிமையுண்டு. மிகைப்படுத்திய வாக்கியம் ஒருநாள் மறுக்கப்பட்டால், அதன் மேல் கட்டிய நியாயமான தடையும் மக்கள் மனத்தில் சேர்ந்தே சரியும்.

பட்டியலால் ஆகாத காரியம் ஒன்றும் உண்டு. தெருவோரக் கடையில் பயன்படும் பொட்டலத்தின் உள்ளே உண்மையில் என்ன இருக்கிறது, அதன் மாசுகள் எவை, அவை மரபணுவை என்ன செய்கின்றன என்பதை அது சொல்லாது. மருந்துத் துறையோடு ஒப்பிட்டால் இந்த இடைவெளியின் அளவு தெரியும். 2018இல் வால்சார்டன் என்ற இரத்த அழுத்த மாத்திரையில் நைட்ரோசமீன் மாசு கண்டறியப்பட்டு உலகெங்கும் மாத்திரைகள் திரும்பப் பெறப்பட்டன. வாழ்நாள் முழுதும் உட்கொள்ளும் மருந்தில், சடுதிமாற்றம் தூண்டும் பொது மாசுக்கு நாளொன்றுக்கு 1.5 மைக்ரோகிராம் என்பது ஐசிஎச் அமைப்பின் எம்7 வழிகாட்டி ஏற்கும் வரம்பு. நைட்ரோசமீன் போன்றவற்றுக்கு இன்னும் கடுமையான வரம்பு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 200 கிராம் எடையுள்ள ஒரு தட்டில், அனுமதித்த நிறமிகளுக்குரிய உச்ச அளவிலேயே ஒரு தொழிற்சாலைச் சாயம் சேர்ந்ததாகக் கொள்வோம். அது 20 மில்லிகிராம். அச்சாயத்தில் சடுதிமாற்றம் தூண்டும் மாசு ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தால், தட்டில் அது 20 மைக்ரோகிராம். மருந்து வரம்பைப்போல் 13 மடங்கு. தினமும் உண்பவர் சிலரே, உண்மையான மாசின் அளவும் வேறாக இருக்கலாம். கணக்கு ஒரு தீர்ப்பாகாது. மாத்திரைக்கு மைக்ரோகிராமில் அளக்கும் நகரத்தில், அதன் தெரு உணவின் சாயத்தை அந்த நோக்கில் அளக்கும் ஏற்பாடு இல்லை என்பதை மட்டும் அது காட்டுகிறது.

7

செய்யக்கூடியது பெரிதாக ஒன்றுமில்லை; எளிதானது. உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் கைப்பற்றும் சாயப் பொட்டலங்கள் அடையாளம் காணப்பட்ட பின் வழக்குக் கோப்போடு முடங்கிவிடாமல், அவற்றின் ஒரு பகுதி பல்கலைக்கழக ஆய்வகங்களுக்கு வர வேண்டும். கல்லீரல் சாற்றோடும் இன்றியும் பாக்டீரியாச் சோதனை; மாசுகளைப் பிரித்தெடுத்து மீண்டும் ஒரு சோதனை; தேவைப்பட்டால் நுண்கருச் சோதனை. முதுகலை மாணவர் இருவரால் ஒரு பருவத்தில் இதன் முதற்பகுதியைச் செய்ய முடியும். முடிவுகளைத் தண்டனைக்குப் பயன்படுத்த வேண்டாம். அதற்குப் பட்டியலே போதும். எந்தச் சாயம், எந்தச் சந்தையிலிருந்து, எந்த மாசோடு வருகிறது என்ற பொது அறிவு திரளட்டும். சில்லறைக் கடைக்காரரைத் தாண்டி, பொட்டலத்தை உணவுக் கடைக்கு விற்பவரை நோக்கிக் கேள்வி நகர அது உதவும்.

இதில் பயன்பெறுவோர் உண்பவர் மட்டுமல்லர். அந்தப் பொடியை வெறுங்கையால் கரைப்பவர், நாள் முழுதும் அந்த எண்ணெய்ப் புகையில் நிற்பவர், பஞ்சு மிட்டாய் சுற்றுபவர் எல்லாருடைய உடலும் அதைத் தினமும் சந்திக்கிறது. அவர்கள் சார்பில் மாதிரி அனுப்ப எந்த நிறுவனமும் இல்லை. ஏம்ஸ் கடை அலமாரியிலிருந்து தலைச்சாயத்தை எடுத்ததுபோல், ஐதராபாத்தில் ஒரு காலத்தில் கோதுமையை எடுத்ததுபோல், இங்கும் யாராவது ஒருவர் அந்தப் பொட்டலத்தை எடுத்துத் தட்டில் இட வேண்டும். நெறிமுறையில் ஐதராபாத்தைவிடக் கவனமாகவும், எண்ணிக்கையில் அதைவிடக் கண்டிப்பாகவும் செய்யலாம். நச்சியல், நுண்ணுயிரியல், வேதியியல் துறைகளில் ஆய்வுத்தலைப்பு தேடிக்கொண்டிருக்கும் மாணவ நண்பர்கள் இதைத் தம் நெறியாளர்களோடு பேசிப்பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.